ஒரு சாண் தூரமும் ஓர் இலவம்பஞ்சு மெத்தையும்

அண்ணன் மகள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் பாடம் பேசி ரெக்கார்டு செய்கிறாள். சேலம் அம்மாப்பேட்டையில் புதிதாகக் கட்டிய மாடி அறை. பத்துக்குப் பன்னிரண்டு, தரையில் டைல்ஸ், சுவரில் பட்டி பார்த்து வழுவழுவென்று பெயின்ட், மேலே கான்கிரீட். நேரில் கணீரென்று இருக்கிற அவள் குரல் ஹெட்போனில் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “மைக் சரியில்லை சித்தப்பா” என்று புது மைக் ஒன்று வாங்கினாள். கிணறு இன்னும் துல்லியமாகக் கேட்டது.

அறை நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டச் சொன்னேன். ‘டப்’ என்று நிற்காமல் ‘டர்ர்ர்’ என்று இழுத்தது. எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி பந்து மாதிரி போய்ப் போய் வருகிறது. ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். சுவர்களின் இடைவெளி பத்தடி. கணக்குப் போட்டால் வினாடிக்கு ஐம்பது அறுபது தடவை போய்வருகிறது.

பேசும்போது இது ஏன் நமக்குத் தெரிவதில்லை? மூளை செய்யும் வேலை அது. வாயிலிருந்து நேராக வரும் ஒலி முதலில் காதைத் தொடுகிறது. அடுத்த 30, 40 மில்லி வினாடிக்குள் சுவரில் பட்டு வருவதையெல்லாம் மூளை முதல் ஒலியோடு சேர்த்து ஒன்றாக்கிவிடுகிறது. இரண்டு காது இருப்பதால் எது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிரித்து, வேண்டாததைத் தள்ளியும் வைக்கிறது. மைக்குக்கு ஒரே காது, மூளை கிடையாது. வந்ததையெல்லாம் அள்ளி ஒரே பாத்திரத்தில் கொட்டிவிடுகிறது. அதை ஹெட்போனில் கேட்கும்போது, பிரித்துப் பார்க்க நம் மூளைக்கும் வழியில்லை.

இந்த இழுவைக்கு எதிர்முழக்கம் என்று பெயர். இதை முதலில் அளந்து காட்டியவர் ஹார்வர்டில் இயற்பியல் ஆசிரியராக இருந்த வாலஸ் சபைன். 1895-இல் அங்கே ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் பேசினால் ஒன்றுமே புரியவில்லை என்று புகார். சரிசெய்யும் வேலை அவரிடம் வந்தது. ஊர் அடங்கிய இரவு நேரத்தில், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து கூடத்தில் பரப்பினார். ஆர்கன் குழாய் ஒன்றை ஊதி நிறுத்தி, ஒலி காதுக்கு எட்டாமல் போக எத்தனை வினாடி என்று கடிகாரத்தில் குறித்தார். வெறும் கூடத்தில் ஐந்தரை வினாடிக்கு மேல் ஆனது. மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டாக வேண்டும்.

ஒலியைக் குடிக்கும் திறனுக்கு சபைன் வைத்த அளவுகோல் திறந்த ஜன்னல். போன ஒலி திரும்பி வராதல்லவா, அது முழு மதிப்பெண். அந்தக் கணக்கில் டைல்ஸும் பூச்சுச் சுவரும் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் வாங்கும். மிச்சமெல்லாம் அறைக்கே திரும்புகிறது. எங்கள் தாத்தா காலத்து ஓட்டு வீட்டில் இந்தத் தொல்லை இல்லாததற்கும் இதுதான் காரணம். ஓட்டுச் சந்து வழியாக வெயிலும் எலியும் உள்ளே வந்தன, ஒலி வெளியே போனது.

சரி, ஒலி கொஞ்சம் இழுத்தால் என்ன கெட்டுவிடும்? இலக்கண வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை. உயிரொலி சத்தமும் அதிகம், நீளமும் அதிகம். மெய்யோ சின்னதாக வந்து போகிறது. ஆனால் சொல்லைச் சொல்லாக்குவது அதுதான். அறை இழுத்தால் முந்தைய நெடிலின் வால் அடுத்து வரும் அரை மாத்திரைமேல் விழுந்து மூடிவிடுகிறது. ‘ஆக்சைடு’ என்றாளா ‘ஆசிட்’ என்றாளா என்று பிள்ளைகள் குழம்புவது இப்படித்தான்.

அறையின் கனஅளவையும் அது குடிக்கும் ஒலியையும் வைத்து இழுவை எத்தனை வினாடி என்று சொல்வது சபைனின் சூத்திரம். அதில் மாடி அறையைப் போட்டுப் பார்த்தேன். கனஅளவு 34 கன மீட்டர். கதவு, ஜன்னல், உள்ளே ஓர் ஆள் எல்லாம் சேர்த்தும் இழுவை இரண்டு வினாடியை ஒட்டி வருகிறது. பேச்சுப் பதிவுக்கு 0.3 வினாடி இருந்தால் நல்லது. இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. நேராக வரும் குரலும் அறை திருப்பித்தரும் குரலும் சம பலத்தில் இருக்கும் தூரம் ஒன்று உண்டு. இந்த அறையில் அது சுமார் 24 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண். அதற்கு உள்ளே மைக் இருந்தால் குரல் ஜெயிக்கும், வெளியே போனால் அறை ஜெயிக்கும். அவள் மைக்கை மேசைமேல் மூன்றடி தள்ளி வைத்திருந்தாள். எல்லாத் திசையிலும் சமமாகக் கேட்கும் மைக் என்றால், அங்கே அறையின் ஆற்றல் குரலைப்போல் பதினான்கு மடங்கு. முன்பக்கம் மட்டும் கேட்கும் மைக்குக்கு இந்த எல்லை ஒன்றரை மடங்குக்கு மேல் தள்ளிப்போகும். இருந்தாலும் மூன்றடி மூன்றடிதான்.

ஆகவே பைசா செலவில்லாத முதல் வேலை மைக்கை ஒரு சாணுக்குள் கொண்டுவருவது. நேர் எதிரே வேண்டாம், ‘ப’ சொல்லும்போது காற்று மோதும். கொஞ்சம் ஓரமாக வையுங்கள். மேசைமேல் துண்டை நாலாக மடித்துப் போடுங்கள். மேசையில் பட்டுவரும் குரல் ஒரு மில்லி வினாடி பிந்தினாலே 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு இத்தனை அதிர்வு) என்று வரிசையாகச் சில சுருதிகளை வெட்டிவிடும். குரல் தகரம் மாதிரி ஆவது அதனால்தான்.

அதற்குள் அண்ணன் முட்டை அட்டை வாங்கி வந்துவிட்டார். நாமக்கல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் முட்டை அட்டைக்கா பஞ்சம்! யார் கிளப்பிவிட்டதோ தெரியாது, முட்டை அட்டையும் தெர்மாகோலும் சத்தத்தைக் குடிக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அட்டை மெல்லியது, கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். தெர்மாகோலுக்குள் காற்று புகவே வழியில்லை. ஒலி என்பது காற்றின் அசைவு. அந்த அசைவு நூலிழைகளுக்குள் நுழைந்து, உரசி, சூடாக மாறினால்தான் ஒலி சாகும். வாயில் வைத்து ஊதினால் காற்று சிரமப்பட்டு அந்தப் பக்கம் போகிற துணிதான் தோதான துணி. இலவம்பஞ்சு மெத்தை, பழைய கம்பளி, தடிமனான பவானி ஜமுக்காளம் எல்லாம் சேரும்.

அதையும் சுவரோடு ஒட்டி மாட்டினால் பாதி வீண். சுவரை ஒட்டிக் காற்று அசைய முடியாமல் நிற்கிறது. அசைவு அதிகம் இருப்பது அலைநீளத்தில் கால் பங்கு தள்ளி. 1000 ஹெர்ட்ஸுக்கு அது எட்டரை சென்டிமீட்டர். நாலு விரற்கடை இடைவெளி விட்டுக் கொடி கட்டி ஜமுக்காளத்தை இரட்டையாகத் தொங்கவிட்டோம். 100 ஹெர்ட்ஸுக்கு அதே கால் பங்கு 85 சென்டிமீட்டர். அடித்தொண்டைக் குரலைத் துணியால் மட்டும் பிடிக்க முடியாது என்பது இதில் தெரிகிறது. அதற்கு மூலையில் சுருட்டி நிறுத்திய முழு மெத்தைதான் ஓரளவு உதவும். பத்துக்குப் பத்து, உயரமும் பத்து என்று பெட்டி மாதிரி அறையைப் பதிவுக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்று பக்கமும் ஒரே அளவு என்றால் 56, 112, 168 ஹெர்ட்ஸில் மூன்றும் சேர்ந்து முழங்கும். 112 ஆண்குரலின் நடுவில் உட்காருகிறது.

மெத்தையைப் பேசுகிறவள் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினோம். மைக் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். மறுபடி கை தட்டினாள். ‘டப்’.

இனித் தறிச்சத்தம். பக்கத்துத் தெரு விசைத்தறி ‘தடக் தடக்’ மெத்தைக்கு அசையவில்லை, அசையாது. உள்ளே சுற்றும் ஒலியைக் குடிப்பது வேறு, வெளி ஒலியைத் தடுப்பது வேறு. தடுப்பதற்குப் பஞ்சு போதாது, எடை வேண்டும். சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால் ஆறு டெசிபல் குறையும். சந்து எங்கே இருந்தாலும் அதுவும் கோவிந்தா. ஜன்னலை அடைத்தால் சித்திரை வெயிலில் மின்விசிறி வேண்டும், விசிறியே இன்னொரு சத்தம்.

அவளே வழி கண்டுபிடித்தாள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் தேதி பேப்பரில் வருமே, அன்றைக்கு ரெக்கார்டிங். தறி ஓடாது, விசிறி ஓடாது, மோட்டார் ஓடாது. மொபைலில் சார்ஜ் இருந்தால் போதும். போன தடவை வியர்க்க விறுவிறுக்க மூன்று பாடம் முடித்துவிட்டு, கீழே வந்து ஹெட்போனை என் காதில் மாட்டினாள். கிணறு போயே போய்விட்டது. ஆனால் அவள் நிறுத்தும் இடமெல்லாம் மெல்ல ‘டிக் டிக்’ என்று ஏதோ கேட்டது. கூடத்துச் சுவர்க் கடிகாரமாக இருக்கும் என்றேன். “கூடத்தில் இல்லை சித்தப்பா, உங்கள் கையில்” என்றாள். நான்தான் மூலையில் மெத்தையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.