கடலடியில் ஓடும் ஏர்

வட கடலில் எண்ணெய்க் குழாயைப் புதைக்கப் பல இடங்களில் ஏர்தான் ஓட்டுகிறார்கள், அதுவும் குழாயைக் கடல் தரையில் கிடத்திவிட்ட பிறகு. இரண்டு பக்கமும் கால் பரப்பி நிற்பது போல அந்த இரும்பு ஏரை (பெரியவை நூறு டன்னைத் தாண்டும்) கப்பலிலிருந்து குழாய்க்கு மேலே இறக்குவார்கள். அதன் இடுக்கிகள் குழாயைத் தூக்கிப் பிடிக்க, விரிந்திருந்த கொழுக்கள் அடியில் வந்து ஒன்றாக மூடிக்கொள்ளும். இப்போது குழாய் உருளைகள் மேல் கிடக்கிறது, கொழு அதற்குக் கீழே. கப்பல் வடத்தைப் பிடித்து இழுக்க இழுக்கச் சால் விழுந்து, மண் இரு கரையிலும் ஒதுங்கும். ஏருக்குப் பின்னால் குழாய் தன் எடையிலேயே சாலுக்குள் இறங்கிவிடும்.

உழவுக் கருவி என்பதால் உழவு தெரிந்தவரே இதில் இறங்கினார். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொறியியல் கற்பித்த ஆலன் ரீஸ், 1971-ல் சாயில் மெஷின் டைனமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிக் கடலடி ஏர்களை உருவாக்கினார்.

வயலில் இல்லாத ஒரு சிக்கல் கடலில் உண்டு. ஈரக் கடற்கரையில் காலை அழுத்தி வைத்தால் பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று காய்ந்தது போல வெளுக்கும், பார்த்திருப்பீர்கள். நெருங்கிக் கிடந்த மணல்மணிகள் அசையும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் இடைவெளி பெருகி, மேலே இருந்த நீர் உள்ளே போய்விடுகிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியல் பேராசிரியர் 1885-லேயே இதை விளக்கிவிட்டார். கொழுவுக்கு முன்னாலும் இதுவே நடக்கிறது. ஆனால் நுண்மணலுக்குள் நீர் மெதுவாகத்தான் நுழைய முடியும், அதுவரை உள்ளே உண்டாகும் உறிஞ்சல் மணிகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வேகமாக இழுத்தால் மணல் இன்னும் இறுகும், வடத்தில் இழுவை ஏறும். அதனால் நெருக்கமான நுண்மணலில் பொறுமையாகத்தான் போக வேண்டும். களிமண்ணில் இந்தத் தொல்லை குறைவு.

சரி, இவ்வளவு பாடு எதற்கு? மீன்பிடி இழுவலையும் கப்பல் நங்கூரமும் ஒரு காரணம். 2023 அக்டோபரில் பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் இடையிலான பால்டிக்கனெக்டர் எரிவாயுக் குழாயை ஒரு நங்கூரம்தான் கிழித்தது. இன்னொன்று சூடு. கிணற்றிலிருந்து வரும் எண்ணெய் குழாயை 60 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், ஒரு கிலோமீட்டர் எஃகு சுமார் 70 சென்டிமீட்டர் நீளப் பார்க்கும். இரு பக்கமும் நகர இடமில்லாவிட்டால் குழாய் மேல்நோக்கி வளைந்து மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதை அமுக்கி வைக்க மேலே மண் வேண்டும். அதனால் உழவு முடிந்த கையோடு இன்னொரு ஏர் வந்து, பரம்படிப்பது போல, இரு கரை மண்ணையும் சாலுக்குள் தள்ளிவிட்டுப் போகும்.