ஆறு மணி நேரத் தூக்கம் பழகிவிடுமா?

திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு பெங்களூர் மடிவாளாவில் நின்று பாருங்கள். மதுரை, திருச்சி, திருநெல்வேலி என்று ஊர் ஊராகப் புறப்பட்டு வந்த பேருந்துகள் வரிசையாக ஆட்களை இறக்கிவிடும். முதுகில் பை, கையில் அம்மா கொடுத்தனுப்பிய பொடி டப்பா, கண்ணில் பாதித் தூக்கம். அறைக்குப் போய்க் குளித்துவிட்டு ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும். நானும் நான்கு வருடம் அப்படி வந்து இறங்கியவன்தான். தூக்கம் போதுமா என்று கேட்டால் எங்கள் எல்லோருக்கும் ஒரே பதில்: "பழகிடுச்சுங்க."

பெங்களூரில் மற்ற நாட்களும் பெரிதாக மாறுவதில்லை. சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வீடு சேர்ந்து, அமெரிக்காவுடன் பேச வேண்டிய இரவுக் கூட்டத்தை முடித்துப் படுக்கும்போது பன்னிரண்டு ஆகிவிடும். காலை ஆறுக்கு அலாரம். ஆறு மணி நேரம். மோசமில்லை என்றுதான் தோன்றும்.

அப்படித் தோன்றுவதைத்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் சோதித்துக் காட்டினார்கள். ஆரோக்கியமான 48 பேரை ஆய்வகத்தில் தங்கவைத்தார்கள். ஒரு குழுவுக்கு எட்டு மணி நேரம் படுக்கை, ஒரு குழுவுக்கு ஆறு, ஒரு குழுவுக்கு நான்கு. இப்படி 14 நாட்கள். இன்னொரு குழு மூன்று நாள் தூங்கவே இல்லை. திரையில் குறி தோன்றியதும் பொத்தானை அழுத்துவது போன்ற எளிய சோதனைகள்தான். எட்டு மணி நேரக் குழுவில் பெரிய மாற்றமில்லை. ஆறு மணி நேரக் குழுவின் தவறுகளோ நாளுக்கு நாள் கூடி, இரண்டு வார முடிவில், ஒரு இரவு முழுக்கக் கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டன.

இதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. "எவ்வளவு தூக்கமாக வருகிறது?" என்று தினமும் அவர்களைக் கேட்டார்கள். முதல் சில நாட்கள் அந்த உணர்வு ஏறியது. அப்புறம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. மூளையின் திறன் இறங்கிக்கொண்டே போக, அவர்களுக்கோ பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். நாம் 'பழகிடுச்சு' என்பது இந்தக் கட்டத்தைத்தான். குறை அப்படியே இருக்கிறது, அதை உணரும் திறன்தான் மழுங்கியிருக்கிறது.

தூக்கம் எப்படி வருகிறது? விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளை செல்கள் ஆற்றலைச் செலவழிக்கின்றன. அந்தச் செலவோடு அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்ந்துகொண்டே போகும். சேரச் சேரக் கண் சொக்கும். தூங்கும்போது அது குறையும். காபியில் உள்ள காஃபீன், அடினோசின் போய் உட்கார வேண்டிய இடங்களைத் தான் பிடித்துக்கொள்கிறது. அடினோசின் எங்கும் போய்விடுவதில்லை, அதன் செய்திதான் மூளைக்குக் கேட்பதில்லை. காஃபீன் உடலில் பாதியாகக் குறையவே பொதுவாக ஐந்து மணி நேரம் போல ஆகும். மாலை ஐந்து மணிக்குக் குடித்த காபியில் பாதி, இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது.

சரி, தூக்கம் குறைந்தால் பகலில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதானே? அவ்வளவுதான் என்றால் நான் இதை எழுதவே மாட்டேன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1999இல் ஆரோக்கியமான 11 இளைஞர்களுக்கு ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கை கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாகத் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டால், ரத்தத்திலிருந்து சர்க்கரையை அகற்றும் வேகம் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. சர்க்கரை நோயின் ஆரம்ப நிலையில் தெரிவது போன்ற மாற்றம் அது. ஒரே வாரத்தில், இளம் உடலில்! எங்கள் வீடுகளில் அப்பா, சித்தப்பா, அத்தை என்று ஆளுக்கொரு மாத்திரை டப்பா இருக்கிறது. அந்தப் பரம்பரையோடு பிறந்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம்.

இதயத்துக்கும் இரவுதான் ஓய்வு. நல்ல தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். தூக்கம் குறைந்தால் ரத்தக் குழாய்களுக்குக் கிடைக்கும் அந்த இளைப்பாறும் நேரமும் குறைகிறது. ஒரு இரவில் ஒன்றும் தெரியாது, இருபது வருடம் சேர்ந்தால் தெரியும்.

மூளையின் கதையும் அப்படித்தான். பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் ஏறக்குறைய 8,000 பேரை 25 வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. ஐம்பது வயதிலிருந்து எழுபது வரை தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதி நோய் ஆபத்து சுமார் 30 சதவீதம் அதிகம். தூக்கக் குறைவுதான் நேரடிக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அலட்சியப்படுத்தும் அளவுக்குச் சின்னத் தொடர்பும் இல்லை.

சனி, ஞாயிறு சேர்த்துத் தூங்கிச் சமாளிக்கலாம் என்று நாங்களும் நினைத்தோம். கொலராடோவில் 2019இல் இதையும் சோதித்தார்கள். வார இறுதியில் இஷ்டம்போலத் தூங்கியவர்களும், மறுபடி குறைந்த தூக்கத்துக்குத் திரும்பியதும் இன்சுலின் செயல்பாட்டில் பின்தங்கியே இருந்தார்கள்.

பெரியவர்களுக்குத் தினமும் குறைந்தது ஏழு மணி நேரம் என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அவ்வளவு தூங்கியும் பகலில் அசதியாக இருந்தால், கூடவே பலத்த குறட்டையும் இருந்தால், மூச்சு இடையிடையே தடைபடுகிறதா என்று மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள்.

நான் இப்போது ஊரிலிருந்து ஞாயிறு காலைப் பேருந்திலேயே கிளம்பிவிடுகிறேன். ஊரில் அரை நாள் குறைகிறது, அம்மாவுக்கு அதில் வருத்தம்தான். "சேர்ந்ததும் போன் பண்ணு" என்பதோடு, "பத்து மணிக்குப் படுத்துரு" என்பதையும் இப்போது சேர்த்துச் சொல்கிறார்.