நுரைக்கிற எரிபொருள்

யாழ்ப்பாணத்தில் முட்டியிலிருந்து பனங்கள்ளைப் பிளாவுக்குள், அதாவது பனையோலைக் குடுவைக்குள், ஊற்றும்போது பார்த்திருப்பீர்கள், பிளா நிரம்பி வழியும், நுரை அடங்கினால் கள்ளு அரைவாசிதான் இருக்கும். அந்த நுரைக்கு அடுப்பு தேவையில்லை, வாயு கள்ளுக்குள்ளேயே பிறக்கிறது. யுரேனியம் கரைந்த நீரில் அணுப்பிளவு தொடங்கினாலும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

ஒரு யுரேனிய அணு பிளந்தால் இரண்டு மூன்று நியூத்திரன்கள் வெளியே வரும். அவற்றில் சராசரியாக ஒன்றேயொன்று அடுத்த அணுவைப் பிளந்தால் இந்தப் பிளவுத் தொடர் கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. இதுதான் அவதிநிலை. மிச்சம் வீணாக உறிஞ்சப்படும், அல்லது தொட்டியைத் தாண்டித் தப்பிவிடும். கரைசல் சூடாகி விரியும்போது அடர்த்தி குறைந்து, தப்புகிற நியூத்திரன்கள் கூடுகின்றன. அப்புறம் குமிழிகள்: பிளவுத் துண்டுகள் நீர் மூலக்கூறுகளையே உடைத்து ஐதரசனும் ஒட்சிசனுமாக்குவதால், கரைசல் கொதிக்க முன்பே நுரைத்து இன்னும் ஐதாகிவிடும். நியூத்திரன்களை உறிஞ்சும் கட்டுப்பாட்டுக் கோலை யாரும் தொடாமலே தொடர் தளர்கிறது. 1944 இல் அமெரிக்காவின் லொஸ் அலமொஸில், யுரேனியக் கரைசலையே எரிபொருளாகக் கொண்டு இயங்கிய அணு உலையிலும் இதே இயல்புதான். 1965 இலிருந்து 1969 வரை ஓக் ரிட்ஜில் 650 பாகை செல்சியசை ஒட்டி இயங்கிய உருகிய உப்பு உலையில் யுரேனியம் உப்பிலேயே கரைந்திருந்தது, அந்த உப்பு சூடானால் விரிந்து கொஞ்சம் உலையின் நடுப்பகுதியை விட்டு வெளியே தள்ளப்படும்.

எல்லாக் கரைசலும் இப்படி இல்லை. ஐதான புளுத்தோனியக் கரைசல் சூடானால் தொடர் கூடவும் கூடும், ஏனென்றால் சூட்டில் நியூத்திரன்களின் சக்தியும் கொஞ்சம் ஏறும், 0.3 இலத்திரன் வோல்ற்றுச் சக்தியை நெருங்கும் நியூத்திரன்களைப் புளுத்தோனியம்-239 மிக எளிதாகப் பிடித்துப் பிளக்கும்.

யுரேனியத்திலும் இந்தத் தளர்ச்சியை அணைப்பு என்று நம்பிவிடக் கூடாது, இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நுரை அடங்கும், சூடு ஆறும், கரைசல் திரும்பச் சுருங்கும், தொடர் மறுபடி எழும். 1999 செப்டெம்பர் 30, யப்பானின் தோக்கைமுராவில் இருந்த அணு எரிபொருள் ஆலையில், 18.8 வீதம் செறிவூட்டிய (எளிதில் பிளக்கும் யுரேனியம்-235 இன் பங்கைக் கூட்டிய) யுரேனியக் கரைசலை ஊழியர்கள் வாளியால் தொட்டிக்குள் ஊற்ற, 2.4 கிலோவைத் தாண்டக் கூடாத இடத்தில் 16 கிலோவுக்கு மேல் சேர்ந்துவிட்டது. முதல் எழுச்சியைக் கரைசலே அடக்கியது. ஆனால் தொட்டியைச் சுற்றியிருந்த குளிர்நீர் சூட்டை எடுத்துக்கொண்டு, தப்பப் போன நியூத்திரன்களையும் உள்ளே திருப்பிவிட்டதால், சுமார் 20 மணிநேரம் தொடர் ஓயவேயில்லை. இரண்டு பேர் இறந்தார்கள். வேறு ஊழியர்கள் சில நிமிடங்களுக்கு மட்டும் மாறி மாறிக் கிட்டப் போய், குழாயை உடைத்து அந்த நீரை வெளியேற்றிய பிறகுதான் அது நின்றது, பின்னர் நியூத்திரன்களை உறிஞ்சும் போரிக் அமிலமும் ஊற்றினார்கள்.