டியெங் பீடபூமி: நெருப்புக் குழம்பு இல்லாமல் கொல்லும் எரிமலை

"எரிமலை என்றால் நெருப்புக் குழம்பு ஓட வேண்டாமா? அது வராமலே எப்படி இத்தனை பேர் செத்தார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 1979 பிப்ரவரி 20 அன்று இந்தோனேசியாவின் டியெங் பீடபூமியில் நடந்ததைப் பற்றிய கேள்வி அது.

மத்திய ஜாவாவில், பஞ்சார்நெகாரா மாவட்டத்து பாத்தூர் வட்டத்தில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது டியெங். அர்ஜுனன், கடோத்கஜன் பெயர்களில் வழங்கும் கோயில்கள் ஜாவாவிலேயே மிகப் பழையவற்றைச் சேர்ந்தவை. இன்று சரிவெல்லாம் உருளைக்கிழங்கு. அதுதான் ஊரின் பிழைப்பு.

அன்று விடியுமுன் அங்கிருக்கும் எரிமலை வாய்களில் ஒன்றான சினிலா பள்ளம் வெடித்தது. நிலத்தடி நீர் கொதித்து நீராவியாய்ச் சீறியதால் வந்த வெடிப்பு அது. பயந்துபோன மக்கள் சாலை வழியே ஓடினார்கள். ஓடிய வழியிலேயே 140-க்கும் மேற்பட்டோர் விழுந்து இறந்தார்கள். நிலத்து விரிசல்களிலிருந்து கசிந்த கரியமில வாயுதான் காரணம்.

அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பது பள்ளிப் பாடம். அதன் போக்குதான் என்னை வியக்க வைக்கிறது. காற்றசைவில்லாத குளிர்ந்த இரவில் அது மேலே கலக்காது. வாய்க்கால் தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. இடுப்பளவு தேங்கியிருந்தால் நிற்பவர் பிழைத்துக்கொள்வார். விழுந்த பிள்ளையைத் தூக்கக் குனிபவர் எழமாட்டார். வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று கலைந்து, அதே பள்ளத்தில் நடமாடலாம் என்றாகிவிடும்.

இன்னொன்று. இது பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் மட்டும் கொல்வதில்லை. காற்றில் பத்து சதவீதத்தைத் தாண்டினால், பிராணவாயு போதிய அளவு இருந்தாலும் சில நிமிடங்களில் நினைவு தப்பும், இரத்தம் அமிலமாகிவிடும். "மூச்சு விடு" என்று மூளையை உந்துவதே இரத்தத்தில் ஏறும் கரியமில வாயுதான். அதனால் ஓடுபவருக்கு மேலும் மூச்சிரைக்கும்; இரைக்க இரைக்க நஞ்சு கூடுதலாக உள்ளே போகும்.

நம் ஊர்ப் பாழுங்கிணற்றில் இறங்கியவர் மயங்கி விழுந்தால் "காத்து கருப்பு அடித்துவிட்டது" என்கிறார்கள். பல நேரம் அங்கேயும் இதே வாயுதான். பேய் மேல் பழி போட்டுவிட்டால், அது எங்கே தேங்குகிறது என்று யாரும் தேடமாட்டார்கள். அடுத்தவரும் அதே கிணற்றில் இறங்குவார்.

டியெங்கின் திம்பாங் பள்ளம் 2011-இலும் வாயுவைக் கக்கியது, மக்களை வெளியேற்றினார்கள். எரிமலை ஆய்வுக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு இப்படிப்பட்ட பள்ளங்களில் நிற்கும் வாயு உணரிகளுக்கும் அவற்றின் பராமரிப்புக்கும் போகவேண்டும் என்பேன். அமில ஆவியும் ஈரமும் கருவியை அரித்துவிடும், ஒருமுறை நட்டுவிட்டுப் போனால் போதாது. உணரி ஒலித்ததும் ஓடவேண்டியது மேட்டைப் பார்த்து. சாலை பள்ளத்தில் இறங்குமானால் சாலையை விட்டு விலகித்தான் ஓடவேண்டும்.