டிஸ்க்ஆன்சிப்: ஃபார்மேட்டுன்னா அங்க ரெண்டு வேலை

பெங்களூர் பீன்யா பக்கம் சில ஒர்க்ஷாப்ல இன்னும் டாஸ்ங்கற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துல ஓடுற பழைய கன்ட்ரோலர் போர்டுங்க இருக்கு, ஹார்ட் டிஸ்க் கிடையாது, அதுக்கு பதிலா 32 கால் வச்ச ஒரு கருப்பு சிப் சாக்கெட்ல உக்காந்திருக்கும். அதான் டிஸ்க்ஆன்சிப். இஸ்ரேல் கம்பெனி எம்-சிஸ்டம்ஸ் பண்ணது, 2006ல அந்த கம்பெனிய சான்டிஸ்க் வாங்கிடுச்சு.

மெஷின் ஆன் ஆனதும் பயாஸ், அதாவது போர்டுல முதல்ல ஓடுற புரோகிராம், மெமரில ஒரு ஏரியாவ 2 கேபிக்கு ஒரு தடவை பாத்துட்டே போகும், எங்கயாவது 55 ஏஏன்னு ரெண்டு பைட் இருக்கான்னு. இருந்தா, செக்சம் (பைட்டுங்கள கூட்டி சரிபாக்கிற கணக்கு) சரியான்னு பாத்துட்டு அங்க இருக்கிற கோட ஓட்டும். டிஸ்க்ஆன்சிப் உள்ள எத்தனை எம்பி இருந்தாலும் வெளிய காட்டுறது வெறும் 8 கேபி ஜன்னல்தான், அந்த ஜன்னல்ல முதல்ல இருக்கிறது இந்த 55 ஏஏ. அந்த கோடு ட்ரூஎஃப்எஃப்எஸ்ங்கற டிரைவர ரேம்ல ஏத்தி, டிஸ்க்க படிக்க எழுத கூப்பிடற வழியான இன்டரப்ட் 13ஐ தன் பக்கம் திருப்பிக்கும். அப்புறம் டாஸ் எந்த செக்டார் (டிஸ்க்கோட ஒரு சின்ன துண்டு) கேட்டாலும் பதில் சொல்றது இதுதான், டாஸுக்கு அது ஹார்ட் டிஸ்க் மாதிரியே தெரியும். அருமையான வேலை!

இந்த டிரைவர் ஏன் வேணும்னா, உள்ள இருக்கிறது நாண்ட் ஃபிளாஷ்ங்கற மெமரி வகை. அதுல 1ஐ 0 ஆக்கலாம், திரும்ப 1 ஆக்கணும்னா ஒரு முழு பிளாக்கையே அழிக்கணும், ஆனா டாஸோ 512 பைட் செக்டார்தான் எழுதும். அதனால ட்ரூஎஃப்எஃப்எஸ் புது டேட்டாவ காலியா இருக்கிற வேற இடத்துல எழுதிட்டு, எந்த செக்டார் இப்ப எங்க இருக்குன்னு கணக்கு வச்சுக்கும். ஒரே இடம் தேஞ்சு போகாம பாத்துக்கிறதும் அதுதான்.

இப்ப ஃபார்மேட்டுக்கு வரேன். டாஸோட ஃபார்மேட் கமாண்ட் மேல இருக்கிற ஃபேட் அமைப்ப, அதாவது எந்த ஃபைல் எங்க இருக்குங்கற கணக்க மட்டும்தான் புதுசாக்கும். எம்-சிஸ்டம்ஸ் குடுத்த டிஃபார்மேட் டூல் அடியில இருக்கிற அந்த செக்டார் கணக்கையே புதுசா போடும், ஃபர்ம்வேர் ஃபைல (மேல சொன்ன பூட் கோடு) கூட குடுத்தா அதையும் எழுதும். சும்மா ஃபைல் கரப்ட் ஆனதுக்கெல்லாம் டிஃபார்மேட் வேணாம், டாஸ் ஃபார்மேட்டே போதும். வேற ஏதாவது டூல்ல சிப்ப மொத்தமா அழிச்சிடாதீங்க, ஃபேக்டரில கண்டுபிடிச்ச கெட்ட பிளாக் லிஸ்ட்டும் சிப்லயே தான் இருக்கு, அது போச்சுன்னா எந்த பிளாக்க நம்புறதுன்னு டிரைவருக்கே தெரியாது.

அல்சூர்ல சர்வீஸ் பாக்கிற தம்பி ஒருத்தன், "அண்ணே, டிஃபார்மேட் நல்லபடியா முடிஞ்சுது, ஆனா பூட் ஆகலண்ணே"ன்னு கேட்டான். ஆகாது, ஏன்னா டாஸோட சிஸ்டம் ஃபைலுங்க இன்னும் அதுல ஏறல. கரண்ட ஆஃப் பண்ணிட்டு, டாஸ் ஃபிளாப்பில பூட் பண்ணி, சிஸ் சி-ன்னு அடிக்கணும், சிப் சி டிரைவா வந்திருக்கான்னு முதல்ல பாத்துட்டு. வேற ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தா சிப் பொதுவா அதுக்கு பின்னாடி டி ஆகி நிக்கும்.

டாஸோட கான்ஃபிக் ஃபைல்ல இஎம்எம்386ங்கற மெமரி மேனேஜர் இருந்தா அதையும் கவனிங்க, அது காலியா தெரியற மெமரிய எடுத்து யூஸ் பண்ணும், சிப் ஜன்னல் மேலயே உக்காந்துடும். ஜன்னல் டி000ங்கற மெமரி அட்ரஸ்ல இருந்தா எக்ஸ்=டி000-டி1எஃப்எஃப்னு அந்த லைன்ல சேத்துடுங்க. எஸ்பி ரோட்ல பழைய சிப் வாங்கி மாட்டுறவங்க, ஒண்ணாவது காலுக்கான பள்ளம் சாக்கெட் பள்ளத்தோட சேருதான்னு கரண்ட் குடுக்கறதுக்கு முன்னாடியே பாத்துக்குங்க, திருப்பி மாட்டினா சிப் எரிஞ்சு போகும்.