தாமிரத்துக்கு வயது சொல்லும் மாலிப்டினைட்

"பாறையின் வயது தெரிந்தால் அதிலுள்ள தாமிரத்தின் வயதும் தெரிந்துவிடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தெரியாது. பாறைக்குழம்பு இறுகித் தீப்பாறை ஆன பிறகும், ஆழத்தில் மிச்சமிருக்கும் குழம்பிலிருந்து சூடான உப்புநீர் விரிசல்களில் ஏறிவரும். தாமிரம் பெரும்பாலும் அந்த நீரில் கரைந்து வந்து படிவது. அதனால் தாது பாறையைவிடப் பல லட்சம் ஆண்டுகள் இளையதாக இருக்கலாம்.

பாறைக்கு வயது சொல்வது பழகிய வேலை. தீப்பாறைகளில் கிடைக்கும் சிர்க்கான் என்ற கனிமத்தின் படிகம் வளரும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை அண்டவிடாது. யுரேனியம்-238இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 447 கோடி ஆண்டுகள். இன்று படிகத்தில் இருக்கும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் யுரேனியம் சிதைந்து வந்தது. லேசரால் ஒரு புள்ளியை ஆவியாக்கி அளந்தால் வயது கிடைத்துவிடும்.

தாமிரத் தாதுவில் இப்படி ஒரு வசதி இல்லை. ஆனால் பல படிவுகளில் தாமிரத்தோடு மாலிப்டினைட்டும் படிந்திருக்கும். ஏடு ஏடாகப் பிரியும், விரலில் கரிபோல் ஒட்டும் மென்மையான தாது, மாலிப்டினம் என்ற உலோகத்தைக் கொண்டது. மாலிப்டினம் உட்கார வேண்டிய இடத்தில் ரீனியம் என்ற உலோகம் எளிதாகப் பொருந்திக்கொள்ளும். ஆஸ்மியம் என்ற இன்னோர் உலோகம் கிட்டத்தட்ட நுழைவதே இல்லை. ரீனியம்-187 ஓர் எலக்ட்ரானை உமிழ்ந்து ஆஸ்மியம்-187 ஆகும். அதன் அரை ஆயுள் சுமார் 4,160 கோடி ஆண்டுகள், பிரபஞ்சத்தின் வயதைப்போல மூன்று மடங்கு! அவ்வளவு மெதுவாகச் சேரும் ஆஸ்மியத்தையும் நம்மால் அளக்க முடிகிறது.

சரி, இங்கேயும் லேசரால் சுடலாமே? அங்கேதான் சிக்கல். பிறந்த ஆஸ்மியம் பிறந்த இடத்திலேயே நிற்பதில்லை, ரீனியம் செறிந்த பகுதியை விட்டு நகர்ந்துவிடுகிறது. ஒரு புள்ளியில் வயது அபத்தமாகக் கூடும், பக்கத்துப் புள்ளியில் குறையும். ஆனால் படிகத்தை விட்டு மட்டும் அது வெளியேறுவதில்லை. ஆகவே படிகங்களை முழுசாகப் பிரித்தெடுத்து, பொடித்துக் கலந்துவிடுகிறார்கள். அந்தப் பொடியைத் தடித்த கண்ணாடிக் குழாயில் நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களோடு போட்டு, வாயை உருக்கி மூடி, 200 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறார்கள். ஆஸ்மியம் ஆக்சைடாகி எளிதில் ஆவியாகும், வடித்துப் பிடித்துவிடலாம். முதலிலேயே இதே தனிமங்களின் வேறு ஐசோடோப்புகளை, அதாவது எடை மாறுபட்ட அணுக்களை, அளவு தெரிந்து கலந்திருப்பார்கள். இடையில் கொஞ்சம் வீணானாலும் ஐசோடோப்புகளின் விகிதம் மாறாது, கணக்கும் தப்பாது. இந்த ஏற்பாட்டின் நேர்த்தி எனக்கு அலுப்பதே இல்லை.

இதற்கு மிகச் சுத்தமான ஆய்வகமும் பொறுமையான கைகளும் தேவை. கனிமத் தேடலுக்குப் பணம் ஒதுக்கும்போது வயதுக் கணிப்பை ஆடம்பரமாக நினைப்பது தவறு என்பேன். சிலியின் எல் தெனியெந்தே சுரங்கத்தில் மாலிப்டினைட் தந்த வயதுகள் சுமார் 63 லட்சம் ஆண்டுகளிலிருந்து 44 லட்சம் ஆண்டுகள் வரை பரவியிருந்தன, அதுவும் தனித்தனிக் கட்டங்களாக. அந்தப் பிரம்மாண்டமான தாமிரப் படிவு ஒரே மூச்சில் உருவானதல்ல. அடுத்தடுத்து ஏறிவந்த குழம்புகள் ஒவ்வொன்றும் தன் பங்கைச் சேர்த்திருக்கிறது. தேடுபவர்கள் எந்தக் குழம்பு ஊடுருவலைப் பின்தொடர்வது என்பதை முடிவுசெய்ய இந்தக் கணக்கு உதவும்.