மாத்திரையா, உறிஞ்சி எடுக்கும் முறையா: தொடக்க வாரக் கருக்கலைப்பில் சட்டம் தரும் வழிகள்

இந்தியாவில் 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதல் இருந்தால் கருவைக் கலைக்கலாம். கேட்டாலே கிடைக்கும் உரிமையாகச் சட்டம் இதை எழுதவில்லை. தாயின் உயிருக்கு ஆபத்து, உடல்நலம் அல்லது மனநலத்துக்குக் கடும் பாதிப்பு, கருவில் பெரிய கோளாறு, பாலியல் வன்முறை, கருத்தடை பலிக்காமல் போனது என்று காரணங்கள் வேண்டும். கடைசிக் காரணத்தில் முன்பு மணமான பெண்ணும் கணவனும் மட்டுமே இருந்தார்கள். 2021 திருத்தம் அதைப் பெண், அவளுடைய துணை என்று மாற்றியது. மணமாகாதவர்களும் கூச்சமில்லாமல் கேட்கலாம்.

இனி வாரக் கணக்கு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். நாள் தள்ளிப்போனது தெரியும்போதே நாலு வாரம் ஓடியிருக்கும். மாத்திரைக்கு இங்கே 9 வாரம் வரைதான் அனுமதி. அதாவது தெரிந்த பிறகு கையில் இருப்பது ஐந்து வாரம். உறிஞ்சி எடுக்கும் முறைக்கு 12 வாரம் வரை நேரம் உண்டு.

மாத்திரை முறையில் மருந்து இரண்டு. முதல் நாள் மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் விழுங்க வேண்டும். கரு வளரத் தேவையான ஹார்மோனை அது தடுத்துவிடும். ஒன்று அல்லது இரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். இது கர்ப்பப்பையைச் சுருங்க வைத்துக் கருவை வெளியேற்றும். அன்றைக்குச் சில மணி நேரம் கடுமையான வயிற்றுவலியும், வழக்கமான தீட்டைவிட அதிக ரத்தப்போக்கும் இருக்கும். லேசான போக்கு ஒன்றிரண்டு வாரம் நீடிக்கலாம். பதினைந்தாம் நாள் வாக்கில் டாக்டரிடம் திரும்பப் போய், முழுதாகக் கலைந்துவிட்டதா என்று பார்ப்பது முக்கியம். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் இதிலேயே முடிந்துவிடும். மீதிப் பேருக்கு உறிஞ்சி எடுக்க வேண்டிவரலாம். கரு கலையாமல் வளர்ந்தால் அப்படியே விட்டுவிடக் கூடாது, மிசோப்ரோஸ்டால் குழந்தைக்கு ஊனம் உண்டாக்கக்கூடிய மருந்து.

உறிஞ்சி எடுப்பதில் கர்ப்பப்பை வாய்ப் பகுதி மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாயைச் செலுத்திக் கருவை எடுத்துவிடுவார்கள். கையால் இயக்கும் சிரிஞ்சு போதும், மின்கருவி இருந்தாலும் சரி. பத்து, பதினைந்து நிமிட வேலை. வயிற்றைக் கீறுவதில்லை, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். நூற்றுக்கு 98 பேருக்கு மேல் ஒரே தடவையில் முடிகிறது. தொற்று, கர்ப்பப்பையில் காயம் போன்ற ஆபத்துகள் அரிது. ஊரில் எல்லாவற்றையும் ‘டி அண்ட் சி’ என்றே சொல்கிறோம். கர்ப்பப்பையைச் சுரண்டும் அந்தப் பழைய முறையைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. ஆகவே எந்த முறை என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

‘மாத்திரைதானே, சுலபம்’ என்ற நினைப்பு பலருக்கு உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஒற்றை அறை வீட்டில், பொதுக் கழிப்பறையை நம்பி, யாருக்கும் தெரியாமல் அந்த வலியையும் போக்கையும் சமாளிப்பது சுலபமா? அப்படிப்பட்டவருக்கு ஒரு பகலில் முடிகிற சிகிச்சையே நிம்மதி. கருவி உள்ளே போவதை நினைத்தாலே பயப்படுகிறவருக்கு, வீட்டில் துணைக்கு ஆள் இருந்தால், மாத்திரை நல்ல வழி. கடும் ரத்தசோகை, ரத்தம் உறையாத நோய், நீண்டகால ஸ்டீராய்டு மருந்து இவை இருந்தால் மாத்திரை பெரும்பாலும் கூடாது.

மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குவது சட்டவிரோதம், ஆபத்தும்கூட. கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. எந்த முறையானாலும் மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் நனைந்து, தொடர்ந்து இரண்டு மணி நேரம் அப்படியே போனாலோ, காய்ச்சல், மயக்கம் வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

அரசு மருத்துவமனைக்குத் தனி அங்கீகாரம் தேவையில்லை. தனியார் இடமானால் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 18 வயது நிறைந்தவருக்கு அவர் கையெழுத்து ஒன்றே போதும். ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா’ என்று சொல்வது இன்னும் நடக்கிறது. சட்டத்தில் அதற்கு இடமில்லை. குடும்பத்தாரின் சம்மதம் போன்ற கூடுதல் நிபந்தனைகளை டாக்டர்கள் போடக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 18-க்குக் கீழே என்றால் காப்பாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி போலீசுக்கும் தகவல் போகும், ஆனால் சிறுமியின் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று அதே தீர்ப்பு கூறுகிறது. பெண்ணின் பெயர், விவரத்தைச் சட்டம் அனுமதிக்காத யாரிடமாவது டாக்டர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே.